ராத்திரி எந்திரிக்கிறவன்

என் பணி நிறைவு விழாவில் மாலை போட்டு, குத்துவிளக்குக் கொடுத்து, ஆளாளுக்குப் புகழ்ந்து முடித்த பிறகு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த செல்வி மைக்கைப் பிடித்துக் கேட்டாள். "அக்கா, இந்த வேலையில நீங்க எப்பவாச்சும் பயந்திருக்கீங்களா?" கூட்டம் சிரித்தது. எங்கள் ஒன்றியத்தில் மற்றவர்களைப் பயமுறுத்துகிற ஆள் நான்தான். "இந்தா, இந்த மாலையில எறும்பு இருக்கு, அதுக்குத்தான் பயம்" என்று சமாளித்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு அடங்கவில்லை. இப்போது செல்வி மாதிரிப் புதிதாக வருகிறவர்களுக்குச் செல்போனில் ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் வீட்டுக்குப் போய் அதில் விரலால் தட்ட வேண்டும். நடக்கிறதா, பேசுகிறதா, சாப்பிடுகிறதா. அதில் ஒரு கேள்வி, பிள்ளை தூங்குகிறதா? ஆம், இல்லை. எவன் எழுதினானோ அந்தக் கேள்வியை, அவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன். செல்வி, 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதே. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிறப்பாசிரியர். சொந்த ஊர் பாலவனத்தம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், மூளை வளர்ச்சியில் குறை உள்ள பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாமல் வீட்டிலேயே கிடக்கிற பிள்ளைகள், இவர்களை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. தூக்கத்தைப் பற்றி ஒரு மதியம் பாடம் நடத்தினார்கள். சாப்பாட்டுக்குப் பின்னால் நடத்தினார்களா, நான் தூங்கிவிட்டேன்.

வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, எந்தத் தாயும் முதலில் "எப்ப டீச்சர் பேசுவான்" என்று கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு முன்னால், குரலைத் தாழ்த்தி, "எப்ப டீச்சர் தூங்குவான்?" என்று கேட்பாள். நமக்கெல்லாம் இருட்டினால் உடம்பு தானாக அடங்கும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது அப்படி அடங்குவதில்லை. நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரிக்கும். இருட்டில் ஒரு பிள்ளை சுவரைப் பார்த்துச் சிரித்தால் ஒரு வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்டுகிற ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டர். ஒல்லியான உருவம். குரலே எழாது. அவர் பேசுவதைக் கேட்க எல்லாரும் முன்னால் குனிய வேண்டும். 'தினமும்' என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. "தினமும் தூங்க மாட்டேங்கிறான் டாக்டர்" என்று யாராவது ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "தினமும் வேண்டாம். நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு? சொல்ல வேண்டாம், காட்டுங்க."

அவர் அறையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு பெரிய கோரைப்பாய் சுருட்டி வைத்திருக்கும். அதை விரிக்கச் சொல்வார். யார் யார் எங்கே படுப்பார்களோ அங்கே படுக்க வேண்டும். தலை எந்தப் பக்கம், பிள்ளை யார் பக்கத்தில், விளக்கை அணைப்பது யார். "அணைங்க." அணைப்பார்கள். பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திய அறையில் ஒரு குடும்பம் மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கும். டாக்டரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்புறம்?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, "அப்புறம்?" என்பார். "நானும்தான் டாக்டர் ராத்திரி பூரா முழிச்சிருக்கேன்" என்று அளந்த தகப்பன்மார்கள் எல்லாம் பாயில் படுத்ததும் பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பார்க்கச் சிரிப்பாக வரும். ஆனால் அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை. விளக்கை அணைத்துவிட்டு அந்த "அப்புறம்?" கேட்டால் எனக்கே முதுகு சிலிர்க்கும்.

அவரிடம் நான் முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டது பரளச்சி ஊர்ப் பிள்ளை ஒன்றால். பேச்சு வராத பெரிய பிள்ளை அது. ராத்திரியில் எழுந்து காட்டுக்குப் போய்விடும். ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அந்த வீட்டைத் தேடி ஒற்றையடிப் பாதையில் போகிறேன், கரிசல் காட்டுக்குள் ஆட்டு மணி கேட்கிறது. ஆடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. காய்ந்த பருத்திமார்தான் நிற்கிறது. மணி என்கூடவே நடந்து வருகிறது, நான் நின்றால் அதுவும் நிற்கிறது. கடைசியில் செடிக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. கணுக்காலில் மணி கட்டியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதன் அம்மாவை, "பெத்த புள்ளய ஆடுன்னு நெனச்சியா?" என்று வைது தீர்த்தேன்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சொன்னார். "மணியக் கழட்டிட்டா அந்தம்மா எப்படிக் கண்ண மூடுவாங்க? நீங்க போய்க் காவல் இருக்கப் போறீங்களா?" பிறகு கணுக்காலில் இருந்த புண்ணுக்கு மருந்து கொடுத்து, மணியைக் கதவில் கட்டச் சொன்னார். பிள்ளையின் தூக்கத்தைப் பார்க்கும்போது தாயின் தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி சௌந்தரியைப் பற்றிச் சொல்கிறேன். செல்வி கேட்ட கேள்விக்குப் பதில் அவள்தான்.

டவுனைத் தாண்டி திருச்சுழி ரோட்டில், சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள். சௌந்தரியின் வீட்டுக்காரர் ராமலிங்கம் தறிக்காரர். வீட்டை ஒட்டிப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் நாலு விசைத்தறி. பகலும் இரவும் ஓடும். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். ஒரே மகன் கிஷோர். ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. நூல்கட்டையைத் தரையில் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. வெளியாட்களோடு தமிழ். சௌந்தரி என்னிடம் நம்ம ஊர்த் தமிழில் விளாசிக்கொண்டே இருப்பாள், நடுநடுவே மகன் பக்கம் திரும்பி, "ரா நாயனா, ரா" என்று கொஞ்சுவாள். வாடா கண்ணா என்று அர்த்தம். நான் பக்கத்தில் இருந்தாலும் சரி, யார் இருந்தாலும் சரி, அவனோடு தெலுங்கு ஒன்றுதான். வாய்க்கொழுப்புக்காரி வேறு. "டீச்சர், இன்னைக்குப் பவுடர் தூக்கலா இருக்கே, யாருக்காக?" என்று கேட்கிற ரகம். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

நடுவில் சில மாதங்கள் என்னை வேறு ஒன்றியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக சௌந்தரியைப் பார்க்கப் போனேன். உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே என்னமோ சரியில்லை என்று பட்டது. வாசல் வரை போன பிறகுதான் புரிந்தது, தறிச் சத்தம் இல்லை. அந்த வீட்டை நான் சத்தமில்லாமல் பார்த்ததே கிடையாது.

சௌந்தரி வந்து கதவைத் திறந்தாள். பாதியாகியிருந்தாள். "வாங்க டீச்சர்" என்றாள். கேலி இல்லை, கிண்டல் இல்லை. கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது.

"என்னடி இது கோலம்? தறி என்னாச்சு?"

"நிறுத்தியாச்சு டீச்சர். கிஷோரு ராத்திரி சரியாத் தூங்கலன்னு சொன்னேன்ல. இந்தச் சத்தத்துல பச்சப்புள்ள எப்படித் தூங்கும்னு சொந்தக்காரவுக எல்லாம் வஞ்சாக. மொதல்ல ராத்திரி மட்டும் நிறுத்துனோம். அதுக்கப்புறம் அவன் தூங்கவே இல்ல. சரி, பகல்லயும் வேண்டாம்னு கிஷோரு அப்பா பெல்ட்டக் கழட்டிப் போட்டாக. இப்ப டவுனுல வேற ஆளு தறிக்குப் போறாக. ராத்திரி வேலை, பகல்ல நூல் லோடு ஏத்துற வேலை."

"கிஷோர் எங்க?"

"உள்ள தூங்குறான்" என்று அறையைக் காட்டினாள். நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்போது பின்பக்கமிருந்து கேட்டது. டடக். டடக். டடக்.

"தறி ஓடுதே?"

"ஆமா டீச்சர். அதுவா ஓடும். ராத்திரி பூரா ஓடும்." பால்காரன் வந்துவிட்டுப் போனதைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன். உள்ளே அரை இருட்டு. தறிகளில் ஒட்டடை. கடைசித் தறியின் இரும்புச் சட்டத்தில் கன்னத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டு கிஷோர் நின்றிருந்தான். உள்ளங்கையால் மரப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஓடுகிற தறியின் தாளம் அது, இம்மி பிசகவில்லை. என்னைப் பார்க்கவில்லை. யாரோ பக்கத்தில் நின்று கிச்சுக்கிச்சு மூட்டுவது போலச் சிரித்தான்.

எனக்குப் பின்னால் சௌந்தரி வந்து நின்றாள். மெதுவாக, மரியாதையாகச் சொன்னாள். "நீங்க யாரா இருந்தாலும் சரி. ஒங்களுக்கு வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. எங்க பையன விட்டுட்டுப் போயிருங்க."

யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். கொட்டகையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. அவள் கிஷோரைப் பார்த்துத்தான் பேசினாள். தமிழில் பேசினாள்.

"ஏ சௌந்தரி, இது கிஷோருடி."

"இல்ல டீச்சர். எம்புள்ள உள்ள தூங்குறான். இது ராத்திரி எந்திரிக்கிறவன். இப்பப் பகல்லயும் வர ஆரம்பிச்சிட்டான்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நானும் ஓடிப்போய் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பாயில் போர்வை மட்டும் குவிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேனே என்று நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

அங்கேயிருந்து திரும்பும்போதுதான் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கவனித்தேன். தரைக்குள் இறக்கிக் கட்டிய ஆழமான தொட்டி. இரும்பு மூடி நகர்த்தி வைத்திருந்தது.

"இது எதுக்குத் தெறந்து கெடக்கு?"

"தண்ணிக்குள்ள எறங்கிட்டா இது போயிருமாம் டீச்சர். அப்புறம் எம்புள்ள எந்திரிச்சு வந்துருவான்."

"யாரு சொன்னா?"

"ராத்திரி சொன்னாக" என்றாள். யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை, வெறி இல்லை. உலையில் அரிசி போடப் போகிறேன் என்பது போல நிதானமாக நின்றாள். செல்வி, நான் பயந்தது அதற்குத்தான். இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

மூடியை இழுத்துப் போட்டு அதன் மேல் நானே ஏறி உட்கார்ந்தேன். வெயிலில் கிடந்த இரும்பு, பொசுக்கிவிட்டது. எழுந்திருக்கவில்லை. "அவன இங்க கூட்டிட்டு வா, எங்கிட்டக் குடு" என்று அதட்டினேன். அவனைக் கையில் பிடித்து என்னிடம் கொடுத்தாள். மடியில் இறுக்கிக்கொண்டேன். அவன் என் முழங்கையைக் கடித்தான், கடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ராமலிங்கத்துக்குப் போன் போட்டேன். டாக்டரம்மாவுக்குப் போட்டேன். "ரெண்டு பேரையும் இப்பவே கூட்டிட்டு வாங்க. அந்தம்மாவ ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ராமலிங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு விழுந்தடித்து வந்தார். அவருக்கும் தூக்கம் இல்லாத கண்தான். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் கூட்டம் கலைந்திருந்தது. டாக்டரம்மா காத்திருந்தார். சௌந்தரியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பையனுக்கு வலிப்பு உண்டா, குறட்டை உண்டா என்று ராமலிங்கத்திடம் விசாரித்தார். பிறகு பாயை விரித்தார். "நேத்து ராத்திரி" என்றார்.

அவள் கிழக்கே தலை வைத்துப் படுத்தாள். கிஷோரை உள்பக்கம் படுக்கவைத்தாள். ராமலிங்கம் எங்கே படுப்பது என்று தெரியாமல் விழித்தார். "நேத்து இவுக வீட்டுல இல்ல" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார். விளக்கை அணைத்தேன். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார் டாக்டரம்மா, அவர்கள் வீட்டில் அந்தச் சத்தமும் வேண்டாமென்று நிறுத்தியிருந்தார்கள்.

"அப்புறம்?"

ஒருவரும் அசையவில்லை. அடுத்தவர் எச்சில் விழுங்குவது கேட்டது.

"அப்புறம்?"

கிஷோர் எழுந்தான். சொல்லிக்கொடுத்தது போல நேராகச் சுவருக்குப் போனான். கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். டடக். டடக். படுத்த இடத்திலிருந்தே சௌந்தரி, "நீங்க போயிருங்க. கும்பிட்டுக் கேக்குறேன், போயிருங்க" என்றாள்.

நான் டாக்டரம்மாவின் காதருகே குனிந்தேன். "அம்மா, பெத்த புள்ளகிட்ட இவ தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல. தெலுங்குதான் பேசுவா. வேத்தாளுககிட்டதான் தமிழு." டாக்டரம்மா இருட்டில் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் பக்கம் அது அதிசயமா என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. சுவரே அதிர்ந்தது. கிஷோரின் கை நின்றது. கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்காமலே அப்படியே சரிந்து, முழங்காலை மடக்கி, தரையில் படுத்தான். கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொண்டது. தூங்கிவிட்டான். நான் ஆச்சரியத்தோடு சௌந்தரியைப் பார்த்தேன். அவளும் தூங்கியிருந்தாள்.

ராமலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நாந்தான் டீச்சரம்மா நிறுத்துனேன். புள்ள தூங்கட்டும்னுதான் நிறுத்துனேன்."

வயிற்றில் இருந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். அவனுக்கு அதுதான் அமைதி. வந்த விருந்தாளிக்குத்தான் அது இரைச்சல். பாசத்தில் அதைப் பறித்துவிட்டார்கள், அவன் பாவம், தன் கையாலேயே தறி ஓட்டியிருக்கிறான்.

கரண்ட் வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். டாக்டரம்மா என்னைத் துரத்தினார், "போங்க, ஜெனரேட்டர நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க." ஓடினேன். ஜெனரேட்டர்காரர், "கரண்ட் வந்த பெறகு ஓட்டுனா யாரு பதில் சொல்றது?" என்று முறுக்கினார். "நான் சொல்றேன். கைய வச்சீங்க, கடிச்சிருவேன்" என்றேன். முழங்கையில் கிஷோர் கடித்த தடத்தைப் பார்த்துவிட்டு மனுசன் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சௌந்தரி விழிக்கும்வரை அந்த அறையை யாரும் திறக்கவில்லை. மனநல டாக்டர் வந்து வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். பிள்ளைக்கு முன்னால் இவளுக்குத்தான் வைத்தியம் என்று இரண்டு டாக்டர்களும் ராமலிங்கத்திடம் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவளை வார்டில் சேர்த்தார்கள். அவளுடைய அக்கா கூட வந்து இருந்தாள். ராமலிங்கம் வெளி வேலையை விட்டுவிட்டுத் தன் தறிக்கு பெல்ட் மாட்டினார். கிஷோருக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து கம்மி என்று தெரிந்து அதற்கு மருந்து. சாயங்காலம் டீ கூடாது, படுக்கும்போது செல்போன் வெளிச்சம் கூடாது, ஒரு தறி மட்டும் ராத்திரி ஓட வேண்டும். ராத்திரியில் பாதி நேரம் பிள்ளையைப் பார்க்க வேண்டியது தகப்பன். தொட்டி மூடிக்குப் பூட்டு. சாவி என்னிடம் கொஞ்ச நாள் இருந்தது.

ஏதோ மாயம் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கிஷோர் அதற்குப் பிறகும் ராத்திரியில் எழுந்துகொண்டுதான் இருந்தான், முன்னைவிடக் குறைவாக. சௌந்தரி வீட்டுக்கு வந்துவிட்டாள், மாத்திரை சாப்பிட்டாள், சமைத்தாள். பகலில் அவனைத் தெலுங்கில் கொஞ்சினாள். ராத்திரியில் அவன் எழுந்தால் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள் என்று ராமலிங்கம் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. "எந்நேரமானாலும் சரி, ஒருமாதிரி இருந்துச்சுன்னா எனக்குப் போனப் போடு" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் போடவே இல்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் தினமும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஒரு ராத்திரி அது அடித்தது. சௌந்தரியின் பெயர். லைட்டைக்கூடப் போடாமல் எடுத்தேன்.

"சௌந்தரி?"

தறி ஓடுகிற சத்தம். யாரோ போனுக்கு மிகப் பக்கத்தில் மூச்சுவிடுகிறார்கள். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அன்றைக்குக் கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு.

"சௌந்தரி! ஏ சௌந்தரி! எங்கடி இருக்க?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

தூரத்திலிருந்து, தூக்கத்தில் கரகரத்த சௌந்தரியின் குரல், எரிச்சலோடு, தெலுங்கில் வந்தது. "ஒரே கிஷோரூ! போனு பெட்டுரா, தொங்கா! ரா, பண்டுக்கோ!"

அடே திருடா, போனை வை, வந்து படு என்று அர்த்தம். முதுகில் ஒன்று போட்ட சத்தம் கேட்டது. அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். "நாயனா, பண்டுக்கோரா" என்று அவள் கெஞ்சினாள். நான் மறுமுனையில் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. போன் கீழே விழுந்து லைன் கட்டானது.

நான் இருட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். வீட்டுக்காரர் பதறிப்போய் லைட்டைப் போட்டார்.

"யாரு போன்ல? என்ன ஆச்சு?"

"சௌந்தரி. அவ மகன வஞ்சுக்கிட்டிருக்கா."

"வஞ்சா வஞ்சுட்டுப் போறா. அதுக்கு நீ எதுக்கு அழுகுற?"

"அவ மகனத்தாங்க வையிறா" என்றேன்.